நகச்சுற்று என்று நம்பிய ஏழு வாரங்கள்

முகிலின் வலது முன்காலில், வெளிப்புறத்திலிருந்து இரண்டாவது விரலின் நகத்தடியில் சிவப்பு படர்ந்திருந்ததை, அவனைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தபோதுதான் முதன்முதலில் கண்டேன். நகத்தைச் சுற்றித் தோல் தடித்து, ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று வீங்கியிருந்தது. தொட்டதும் காலை இழுத்துக்கொண்டான். 9 வயதான கறுப்பு லாப்ரடார் அவன். சில நாட்களாகவே படுத்த இடத்தில் அந்த விரலை நக்கிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "நகச்சுற்றுதான், இரண்டு நாளில் பழுத்து உடைந்துவிடும்" என்றார் அம்மா. நமக்கு வருவதுபோல அவனுக்கும் வந்திருக்கிறது என்று நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையில் ஏழு வாரங்கள் போயின.

மருத்துவம் எனக்குத் தொழில் அல்ல. ஆனாலும், நாய் வளர்ப்பவர்கள் இந்த ஏழு வாரங்களை இழக்காமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு மிகத் தீவிரமாக இருக்கிறது. அதனால் அந்த நாட்களில் நடந்ததையும், அதன் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பார்த்த கால்நடை மருத்துவர் விரலைப் பார்த்துவிட்டு, நகத்தில் அடிபட்டுச் சீழ் பிடித்திருக்கிறது என்று சொல்லி 10 நாட்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார். நான்காவது நாளே வீக்கம் வற்றியது, நக்குவதும் குறைந்தது. மாத்திரை முடிந்து ஒரு வாரத்துக்குள் சிவப்பு திரும்பி வந்தது. வேறொரு ஆன்டிபயாடிக், இம்முறை மூன்று வாரங்களுக்கு. மறுபடியும் குறைந்தது, மறுபடியும் வந்தது. ஏழாவது வாரத்தில் அந்த நகம் மற்ற நகங்களின் வரிசையிலிருந்து விலகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அழுத்தினால் அடியிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிந்தது. கல் தரையில் நடக்கும்போது அந்தக் காலை அரை மனதாக ஊன்றினான்.

மருந்துக்குக் குறைகிறதே, அப்படியென்றால் கிருமித்தொற்றுதானே என்று நான் எண்ணியதில் இருந்த பிழை எனக்குப் பின்னால்தான் விளங்கியது. நகத்தடியில் புற்றுக்கட்டி வளர்ந்தால் அதன் மேற்பரப்பு எளிதில் புண்ணாகும். நாய் அதை நக்கும். அந்தப் புண்ணில் கிருமிகள் குடியேறும். ஆன்டிபயாடிக் அந்தக் கிருமிகளை அழிப்பதால் சிவப்பும் சீழும் வலியும் உண்மையாகவே குறைகின்றன. அடியில் இருக்கும் கட்டியை அந்த மருந்து தொடுவதே இல்லை. ஆகவே மருந்து கொடுத்தபோது குறைந்தது என்பதைக் காட்டிலும், மருந்தை நிறுத்திய பிறகு திரும்பி வந்ததா என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. ஒருமுறை திரும்பி வந்தபோதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நாயின் நகம் அமைந்திருக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இந்த அவசரம் ஏன் என்பது புரியும். நம் நகம் விரல்நுனியின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு தகடு. நாய்க்கோ விரலின் கடைசி எலும்பே கொக்கிபோல வளைந்து முன்னே நீள்கிறது. அதன்மேல் உறை போட்டதுபோல நகம் கவிந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இரத்தக்குழாயும் நரம்பும் நிறைந்த மெல்லிய சதை மட்டுமே உண்டு. நகம் வெட்டும்போது சற்று ஆழமாகப் போய்விட்டால் இரத்தம் கொட்டுவது அந்தச் சதையிலிருந்துதான். எனவே நகத்தடியில் முளைக்கும் எந்தக் கட்டிக்கும் எலும்பு மயிரிழைத் தூரத்தில் இருக்கிறது. உடம்பின் மற்ற இடங்களில் தோலில் வரும் கட்டி தசையைத் தாண்டி எலும்பை எட்ட நெடுநாள் ஆகலாம். இங்கே அது தொடக்கத்திலேயே எலும்பை அரிக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவதாக நாங்கள் பார்த்த மருத்துவர், முகிலைத் தொடுவதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்டார். "இந்த ஒரு விரல் மட்டும்தானா, வேறு விரல்களிலும் நகம் உடைவதோ கழல்வதோ உண்டா?" அதுவரை யாரும் எங்களிடம் கேட்டிராத கேள்வி அது. இன்று யாராவது தங்கள் நாயின் நகத்தைப் பற்றி என்னிடம் சொன்னால் நானும் அதைத்தான் முதலில் கேட்கிறேன். பல கால்களில் பல நகங்கள் அடுத்தடுத்துக் கழன்று, வளரும்போது கோணலாகவும் நொறுங்கும் தன்மையோடும் வளர்ந்தால், பெரும்பாலும் அது உடலின் எதிர்ப்பாற்றலே நகத்தடித் திசுவைத் தாக்கும் நோயாக இருக்கும். ஜெர்மன் ஷெப்பர்ட், கோர்டன் செட்டர் போன்ற இனங்களில், நடு வயதில் அது அதிகம் வருகிறது. அதற்கு விரலை எடுக்க வேண்டியதில்லை. கொழுப்பு அமிலங்கள், டாக்ஸிசைக்ளினோடு நியாசினமைடு, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு என்று மாதக்கணக்கில் பொறுமையாக மருந்து கொடுக்க வேண்டும். அதற்கு மாறாக, வயது முதிர்ந்த நாயின் ஒரே ஒரு விரல் வீங்கி, மருந்துக்குக் குறைந்து திரும்பி வந்தால், அதைக் கட்டி அல்ல என்று நிரூபிக்கும்வரை கட்டியாகவே கொள்ள வேண்டும் என்றார் அவர்.

விரலில் வரும் எல்லா வீக்கமும் புற்றுநோய் அல்ல. இதைப் படிப்பவர்கள் பதறிவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்ல வேண்டும். நகத்தடியில் அல்லாமல் விரலிடுக்கில், செம்பழுப்பாகக் கொப்புளம்போல வந்து உடைந்து நீர் வடியும் வீக்கங்கள் மிகச் சாதாரணம். அவற்றைப் பலரும் நீர்க்கட்டி என்கிறார்கள்; உண்மையில் அவற்றுள் பெரும்பாலானவை உள்ளுக்குள் வெடித்துப்போன மயிர்க்கால்கள். புல்டாக் போன்ற, குட்டையான முரட்டு முடி கொண்ட நாய்களில், நடக்கும்போது முடித்தண்டு தோலுக்குள்ளேயே திரும்பக் குத்தி இறங்கிவிடுகிறது. உடல் அதை முள்ளாகவே பாவித்துச் சீழ் கட்டுகிறது. ஒவ்வாமை, மயிர்க்காலில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய சிற்றுண்ணி, அதிக எடை ஆகியவை இதற்குப் பின்னால் இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கொப்புளத்தை மட்டும் ஆற்றினால் அது அடுத்த இடுக்கில் முளைக்கும். புல்லின் கூரிய விதை இடுக்கில் ஏறி உள்ளே பயணிப்பதும் உண்டு. அப்போது ஒரே இடத்தில் ஒரு துளை மூடி மூடித் திறந்துகொண்டே இருக்கும்.

இளம் நாய்களுக்கு, பெரும்பாலும் மூன்று வயதுக்குள், பொத்தானைத் தைத்து வைத்ததுபோல முடியில்லாத சிவந்த உருண்டை ஒன்று வருவதுண்டு. ஹிஸ்டியோசைட்டோமா என்பது அதன் பெயர். சில வாரங்களில் வேகமாக வளர்ந்து அச்சுறுத்தும். பிறகு பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானாகவே மறைந்துவிடும். அதுவும் அதுதான் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே காத்திருக்கலாம். ஏனென்றால் மாஸ்ட் செல் கட்டி என்ற புற்றும் ஏறத்தாழ அதே தோற்றத்தில் வரும். அந்தக் கட்டியைப் பிதுக்கிப் பார்ப்பதுகூட ஆபத்து. அதிலிருக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வெளியேறி அக்கம்பக்கமெல்லாம் வீங்கிவிடும்.

முகிலுக்கு அன்று செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் தோள்பட்டைக்கு முன்னால் இருக்கும் நிணநீர்க் கணுவை இரு பக்கமும் தடவிப் பார்த்தார். நெறி கட்டியிருக்கிறதா என்று நம் வீடுகளில் பார்ப்பதைப்போன்றதுதான். கணு பெரிதாக இல்லாவிட்டாலும் அதற்குள் நோய் இருக்கக்கூடும் என்பதால், மெல்லிய ஊசியால் அதிலிருந்தும் செல்களை எடுத்தார். விரலை எக்ஸ்ரே எடுக்கும்போது, மற்ற விரல்களின் நிழல் மேலே விழாமல் அந்த விரலை மட்டும் பஞ்சு நாடாவால் விலக்கிப் பிடித்து எடுத்தார். பிறகு மார்பை இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாக்க என்று மூன்று நிலைகளில் எடுத்தார். நுரையீரலில் இருக்கும் சிறிய கட்டி ஒரு நிலையில் மறைந்து இன்னொரு நிலையில் தெரியும் என்பதே காரணம். மயக்க மருந்து தாங்குமா என்று அறிய இரத்தப் பரிசோதனை.

விரலின் எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். பக்கத்து விரல்களின் கடைசி எலும்பு கூரான கொக்கியாக வெள்ளையாகத் தெரிந்தது. இந்த விரலில் அந்தக் கொக்கி பாதிதான் இருந்தது. மீதி, மழையில் கரைந்த சுண்ணாம்புச் சுவர்போல ஓரம் மங்கிச் சாம்பலாகிப் போயிருந்தது.

"இது புற்றுநோய்தானா, டாக்டர்?"

"எலும்பு கரைந்திருக்கிறது என்று மட்டும்தான் இதை வைத்துச் சொல்ல முடியும். நீண்ட நாள் சீழும் எலும்பைக் கரைக்கும். கண்ணாலும் எக்ஸ்ரேயாலும் பெயர் வைக்க முடியாது. திசுவைப் பார்த்தால்தான் தெரியும்."

ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது எளிது. மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. மாஸ்ட் செல் போன்ற சில கட்டிகளை அது அன்றே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நகத்தடிக் கட்டியில் சீழணுக்கள் அதிகமாக இருப்பதால், ஊசியில் சீழ் மட்டும் வந்து, புற்றுச் செல்கள் தப்பிவிடலாம். மேலும் நெடுநாள் வீங்கிய தோலின் செல்களே உருமாறிப் புற்றுச் செல்களைப்போலத் தோன்றுவதும் உண்டு. ஊசியில் ஒன்றும் தென்படவில்லை என்ற பதிலை, ஒன்றும் இல்லை என்ற பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முகிலுக்கும் ஊசிச் சோதனையில் சீழணுக்கள்தான் வந்தன. அடுத்த படி, மயக்கம் கொடுத்து ஆழமாக ஒரு துண்டு வெட்டி ஆய்வுக்கு அனுப்புவது, அல்லது விரலையே எடுத்து அனுப்புவது.

இந்த இடத்தில்தான் நான் மிகவும் தடுமாறினேன். பெயர் தெரியாத நோய்க்காக விரலை எடுப்பதா? மருத்துவர் அவசரப்படுத்தவில்லை. எலும்பு இவ்வளவு கரைந்த பிறகு, அது புற்றானாலும் ஆறாத சீழானாலும் அந்த விரல் வலியில்லாமல் மீளப்போவதில்லை என்றும், துண்டு எடுக்க ஒருமுறை, விரலை எடுக்க ஒருமுறை என்று 9 வயது நாய்க்கு இரண்டுமுறை மயக்கம் கொடுப்பதைத் தவிர்க்கலாம் என்றும் விளக்கினார். எலும்பு நன்றாக இருந்து, வீக்கம் சிறிதாக இருந்திருந்தால் துண்டு மட்டும் எடுத்துப் பார்ப்பதையே தானும் சொல்லியிருப்பேன் என்றார். "உடம்பின் பாரத்தைத் தாங்கும் விரல் இல்லையா, நடப்பானா?" என்று அம்மா கேட்டார். நடுவிலிருக்கும் இரண்டு விரல்கள்தாம் அதிக பாரம் தாங்குகின்றன என்பதும், முகிலின் விரல் அவற்றில் ஒன்று என்பதும் உண்மை. ஆனாலும் ஒரு விரல் போனால் மற்றவை பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும், நடுவிரல்கள் இரண்டும் ஒரே காலில் போனால்தான் நடையில் சிரமம் வரக்கூடும் என்றார் அவர்.

கடைசி எலும்பை மட்டும் எடுத்தால் போதாது. கட்டியைச் சுற்றி நோயற்ற திசுவும் ஓரமாகச் சேர்ந்து வர வேண்டும் என்பதால் விரலைப் பாதத்தோடு சேரும் மூட்டிலிருந்து எடுத்தார்கள். எடுத்த விரல் முழுவதும் ஃபார்மலினில் இட்டு ஆய்வகத்துக்குப் போனது. இதையும் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன்: எடுத்ததைக் குப்பையில் போட்டுவிட்டு "கட்டியை எடுத்தாயிற்று" என்று அனுப்பிவைத்தால் அது பாதி சிகிச்சைதான். அது எந்த வகை, எலும்புக்குள் எவ்வளவு புகுந்திருக்கிறது, வெட்டிய ஓரத்தில் புற்றுச் செல்கள் எஞ்சியிருக்கின்றனவா, இரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல ஒரு நோய்க்கூறு வல்லுநர் வேண்டும். எலும்பையும் நகத்தையும் நேரடியாக மெல்லிய சீவலாகச் சீவ முடியாது. அமிலக் கரைசலில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைத்த பிறகே சீவ வேண்டும். அதனால் சாதாரணத் தோல் கட்டியைவிட முடிவு வரக் கூடுதல் நாட்கள் ஆகும். அந்த நாட்களில் நான் தினமும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்த முடிவு: நகத்தடியில் தோன்றிய ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது செதிள் செல் புற்று. வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை. கணுவிலும் நுரையீரலிலும் ஒன்றும் இல்லை.

நாய் விரலில் வரும் புற்றுகளில் இதுவே அதிகம் காணப்படுவது. லாப்ரடார், ஜெயண்ட் ஷ்னாசர், ஸ்டாண்டர்ட் பூடில், ராட்வைலர் போன்ற பெரிய இனங்களில், அதிலும் கறுப்பு நிற நாய்களில் அதிகம் வருகிறது. ஸ்டாண்டர்ட் பூடில்களை வைத்து 2013-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, கே.ஐ.டி.எல்.ஜி என்ற மரபணுவின் அருகிலுள்ள ஒரு துண்டு வழக்கத்தைவிட அதிகப் பிரதிகளாக இருப்பது இந்நோயோடு சேர்ந்து வருகிறது என்று காட்டியது. அந்த மரபணு தோலின் நிறமிச் செல்களோடும் தொடர்புடையது. கறுப்பு நாய் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விரல்களைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே.

இந்தப் புற்று எலும்பை வேகமாக அரித்தாலும், தொலைவுக்குப் பரவுவது ஒப்பீட்டளவில் குறைவு. விரல் கட்டியுள்ள 117 நாய்களைப் பற்றி 1995-ல் வெளியான ஆய்வில், நகத்தடியில் தோன்றிய செதிள் செல் புற்றுள்ள நாய்களில் 95 விழுக்காடு ஓராண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்தன. அதே புற்று விரலின் வேறு பகுதியில் தோன்றியிருந்தால் அது 60 விழுக்காடு. நிறமிச் செல்களில் தோன்றும் மெலனோமா என்ற புற்றாக இருந்தால் 42 விழுக்காடுதான். ஒரே விரல், ஒரே மாதிரியான வீக்கம், ஒரே மாதிரியான நொண்டல். ஆனால் பெயர் மாறினால் நாயின் ஆயுளே மாறுகிறது. திசுவைப் பார்க்காமல் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதை நான் இவ்வளவு அழுத்தமாக எதிர்ப்பதற்கு இந்த எண்களே காரணம்.

மெலனோமா நிணநீர்க் கணுவுக்கும் நுரையீரலுக்கும் முந்திச் சென்றுவிடும் இயல்புடையது. கறுப்பாக இருக்கும் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. நிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு. விரலை எடுத்த பிறகும் அதற்கு மேற்கொண்டு சிகிச்சை பற்றிப் பேச வேண்டியிருக்கும். நாய்களின் வாய் மெலனோமாவுக்கென்று ஒரு டி.என்.ஏ தடுப்பூசி அமெரிக்காவில் 2007-ல் நிபந்தனையோடும் 2010-ல் முழுமையாகவும் உரிமம் பெற்றது. விரல் மெலனோமாவுக்கும் அதைப் போடுகிறார்கள், ஆனால் பயன் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இதைப் புற்றுநோய் சிகிச்சையில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

அறுவைக்குப் பிறகான இரண்டு வாரங்கள் எங்களுக்குப் பொறுமையின் காலம். காலில் போட்ட கட்டு ஈரமாகிவிடக் கூடாது. வெளியே போகும்போது மட்டும் அதன்மேல் நெகிழி உறை மாட்டி, உள்ளே வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வியர்வையே ஈரமாகும். கட்டுக்கு வெளியே தெரியும் விரல்நுனிகள் வீங்கியிருக்கின்றனவா, குளிர்ந்திருக்கின்றனவா, கெட்ட வாடை வருகிறதா என்று காலையும் மாலையும் முகர்ந்தும் தொட்டும் பார்த்தேன். காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்பை முகில் வெறுத்தான். கதவு நிலைகளில் இடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான். இருந்தும் தையல் பிரிக்கும்வரை அதைக் கழற்றவில்லை. வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த நாய்க்கான மருந்தை மட்டுமே கொடுத்தோம். வீட்டில் இருக்கும் இபுப்ரோஃபன் மாத்திரையில் பாதி கொடுத்தால் என்ன என்று நினைப்பவர்கள் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அது நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். 12-ஆம் நாள் தையல் பிரித்தார்கள். ஒரு மாதத்துக்குள் படிக்கட்டில் எனக்கு முன்னால் இறங்கினான். எத்தனை மாதங்களாக அந்த விரல் வலித்துக்கொண்டிருந்திருக்கும் என்பது, வலி போன பிறகு அவன் நடந்த நடையில்தான் எனக்குத் தெரிந்தது.

இந்தப் புற்றில் இன்னொரு கவனம் தேவை. கறுப்பு நிறப் பெரிய நாய்களில், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வேறொரு விரலில் புதிதாக மற்றொரு கட்டி தோன்றலாம். ஆகையால் வாரத்துக்கு ஒருமுறை, வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் முகிலைப் படுக்கவைத்து, ஒவ்வொரு விரலையும் விலக்கி, நகத்தடியை அழுத்தி, நகம் நேராக நிற்கிறதா என்று பார்க்கிறேன். முதலில் காலை இழுத்துக்கொள்வான். இப்போது தானே மல்லாந்து படுத்துக் கொடுக்கிறான்.

பதினான்காவது மாதத்தில் இடது பின்காலில் ஒரு நகத்தடி சிவந்திருந்தது. மறுநாளே மருத்துவரிடம் போனோம். எக்ஸ்ரேயில் கொக்கி எலும்பு முழுதாக இருந்தது. கசிவைக் கண்ணாடிச் சில்லில் ஒற்றிப் பார்த்ததில் சீழணுக்களும் கிருமிகளும் மட்டுமே இருந்தன. மூன்று வாரங்களுக்கு மருந்து எழுதி, 21-ஆம் நாள் வர வேண்டும் என்றும், அன்று முழுமையாக ஆறியிருக்காவிட்டால் மயக்கம் கொடுத்துத் திசு எடுத்துவிடலாம் என்றும் அப்போதே சொல்லிவிட்டார். 21-ஆம் நாள் சிவப்பு இல்லை. மருந்தை நிறுத்தி மேலும் இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் இல்லை. மருத்துவர் மீதமிருந்த பதினேழு விரல்களையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதங்களுக்கு அப்பால் ஒரு தேதியை முகிலின் அட்டையில் எழுதினார்.